ஆடலூர் ஏற்றத்தில் உன் ஹெரால்டு

என் தனம் அக்காவுக்கு,

பூண்டியிலிருந்து பவுனு எழுதுகிறேன். அறுவடை முடிந்து, பூண்டையெல்லாம் கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்டாகிவிட்டது. இப்போதுதான் கை ஓய்ந்தது. நலமா என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

உன் மேல் இல்லை. சரி, கொஞ்சம் உன் மேலும்தான். ஆனால் முக்கால்வாசி அந்தத் திலகா மேல்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திலகா நாயுடுபுரத்தில் கார் சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், அவள் பிறந்தது கொடைக்கானலில். உன் காருக்குச் சீட் தைக்க வந்தாள். தைத்து முடித்த பிறகும் போகவில்லை. அவ்வளவுதான் அவள் கதை.

உன் கதை அதைவிடப் பெரிது. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள் நீ. ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரம்மாவின் ஷெட்டில் கோழி அடைந்து கிடந்த ஹெரால்டு காரை வாங்கிக்கொண்டு வந்தாய். அப்பா ஒரு மாசம் உன்னோடு பேசவில்லை. நான் மட்டும் வந்து பார்த்தேன். பானெட்டைத் தூக்கச் சொன்னாய். காரின் மூஞ்சி முழுக்க, சக்கரத்து மேல்மூடியோடு சேர்ந்து, முன்பக்கமாகச் சாய்ந்தது. முதலை வாயைத் திறந்த மாதிரி இருந்தது. நாம் இரண்டு பேரும் அதன் முன்னால் நின்று சிரித்தோம். அன்றைக்கு அந்தக் கார் நம் இரண்டு பேருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு கார் ஓட ஆரம்பித்தது, கிளப் வந்தது. மாசத்தின் முதல் ஞாயிறு பழைய கார்க்காரர்கள் எல்லாரும் ஏரிக்கு மேலே கூடுவீர்கள். பல் டாக்டரின் மோரிஸ் மைனர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற முத்தையா அண்ணனின் ஜீப், உன் ஹெரால்டு, இன்னும் நாலைந்து. ஒருவர் காருக்குப் பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் மற்றவர் மதுரை, கோயம்புத்தூர் என்று தேடி அலைவார். சீசனில் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்துவீர்கள், ஊரே வந்து போட்டோ எடுக்கும். வருசத்துக்கு ஒரு முறை எல்லா வண்டியும் ஆடலூருக்கு இறங்கி, காப்பித் தோட்டத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறி வரும். ஒரு முறையாவது என்னைக் கூப்பிட்டாயா?

நான் யார்? பூண்டி ரோட்டில் கேரட் மூட்டையோடு பிக்அப் ஓட்டுகிறவள். மழையிலும் மஞ்சிலும் ஓட்டுகிறவள். உன் ஸ்டியரிங்கைத் தொட ஒரு நாள் கேட்டேன். "நீ வண்டிய அதட்டுவடீ" என்றாய். இன்னொரு நாள், "பூண்டு வாடை சீட்ல ஏறிரும்" என்று சிரித்தாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய். ஆனாலும் அந்தப் பூண்டை விற்றுத்தான் உன்னை ஹாஸ்டலில் படிக்கவைத்தோம் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சீட்டில் திலகா உட்கார்ந்துகொண்டு போவாள். அவள் மேலே என்ன, சந்தன வாடையா வீசியது?

எங்கள் வீட்டுக்கு நீ எப்போதும் பஸ்ஸில்தான் வந்தாய். ரோடு மோசம், காருக்கு ஆகாது என்பாய்.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். வீடு பவுனுக்கு, நகை பவுனு மருமகளுக்கு என்றாய். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "காரு திலகாவுக்கு" என்றாய். வீட்டையும் நகையையும் வாங்கிக்கொண்டவள் ஒரு தகரக் காருக்கு ஏங்கினாள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு கிளப் கார்கள் எல்லாம் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தன. முதலில் உன் ஹெரால்டு, ஓட்டியவள் திலகா. நான் சொந்தக்காரர்களோடு வேனில் இருந்தேன். மயானத்து வாசலில் இறங்கியதும் ஊர்க்காரர்கள் அவள் கையைத்தான் முதலில் பிடித்தார்கள். என்னிடம் ஒரு அம்மா, "நீங்க தனம் மேடத்துக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். அக்கா, நீ செத்ததுக்கு அழுததைவிட அந்தக் கேள்விக்கு நான் அதிகமாக அழுதேன்.

இந்த வருசத்து ஆடலூர் ஓட்டம் உன் நினைவாக என்று பல் டாக்டர் போன் செய்தார். ஹெரால்டில் முன்சீட் எனக்கு என்றார். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அவள் காரை எப்படி வைத்திருக்கிறாள் என்று பார்க்கவாவது போகலாம் என்று கிளம்பினேன். எங்கேயாவது ஒரு துரு, ஒரு கீறல் கண்ணில் படாதா என்று சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறாள். அதுவும் பிடிக்கவில்லை.

இறக்கம் முழுக்க நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டத்தில் சாப்பாட்டுக்கு நடுவே பல் டாக்டர் உன்னைப் பற்றிப் பேசினார். நல்லாத்தான் பேசினார். கடைசியில் திலகாவைக் காட்டி, தனம் மேடத்தின் உடன்பிறவாத் தங்கை இந்தக் கிளப்புக்குக் கிடைத்தது நம் பாக்கியம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். உடன்பிறந்த தங்கை நான் இலை முன்னால் உட்கார்ந்து ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்தையா அண்ணன் மட்டும் என் பக்கம் குனிந்து, "அவரு பேச்சு அப்படித்தான், சாப்புடுத்தா" என்றார்.

திரும்பி ஏறும்போதுதான் அது நடந்தது. மஞ்சு இறங்கிவிட்டது. முன்னால் போன வண்டிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு செங்குத்தான வளைவில் எதிரே பஸ் வந்து நின்றது. பஸ்ஸுக்குப் பின்னாலும் வண்டிகள். நாங்கள்தான் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். திலகா ரிவர்ஸ் போட்டாள், எஞ்சின் அணைந்தது. கார் தானாகப் பின்னால் உருண்டது. அவள் பிரேக்கை மிதித்தாள், நின்றது. பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது.

நான் இறங்கி ஓடி, ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டேன். திரும்பி வந்தேன். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்கிறாள்.

"பவுனக்கா, என்னால ஏலாது. அவங்க போனதுல இருந்து ஏத்தத்துல நின்ன வண்டிய எடுத்ததே இல்ல. நீங்க ஓட்டுங்க."

கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் கொடுத்து அவளைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொன்னேன். இத்தனை வருசம் ஏங்கிய இடத்தில் உட்கார்ந்தேன், அக்கா. என் வெற்றியைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். கிளட்சை விட்டேன், கார் துள்ளி அணைந்தது. என் பிக்அப் கிளட்ச் மாதிரி முரடில்லை அது, பூ மாதிரி இருந்தது. இரண்டாம் முறையும் அணைந்தது. நீ சொன்னது சரிதான், நான் அதட்டித்தான் விட்டேன்.

மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக விட்டேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது, கார் ஒரு முழம் மேலே ஏறி நின்றது. திலகாவை இறங்கிக் கல்லை எடுக்கச் சொல்லிவிட்டு, மலைப்பக்கமாக ஒடித்துப் பின்னால் எடுத்து ஒதுங்கினேன். என்ன வெட்டு வெட்டித் திரும்புகிறது உன் கார்! பஸ் டிரைவர் போகிறபோது தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டு எனக்குத்தான். அதை யாருக்கும் பங்கு தரமாட்டேன்.

அப்புறம் திலகா ஏறிக்கொண்டாள், நானே ஓட்டினேன். வெயில் வருகிற ஒரு வளைவில், ஸ்டியரிங் கையில் இருக்கிற தைரியத்தில், கேட்டுவிட்டேன். காரை ஏன் எனக்குத் தரவில்லை என்று நீ அவளிடம் சொன்னாயா என்று கேட்டேன். அவள் முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க வித்துருவீங்கன்னு சொன்னாங்க."

எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு வளைவு தாண்டியதும் சிரிப்பு வந்துவிட்டது. விற்றுத்தான் இருப்பேன், அக்கா. முதல் மாசம் கும்பிட்டிருப்பேன், இரண்டாம் மாசம் பிக்அப்புக்கு நாலு டயர் மாற்றியிருப்பேன். என்னை அவ்வளவு தெரிந்துவைத்திருந்தாயா? தெரிந்தவள் என்னிடமே சொல்லியிருக்கக் கூடாதா?

நான் சிரித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவள் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"உங்களுக்கு அவங்க பொறந்ததுல இருந்து அக்கா. எனக்கு நடுவுல வந்தவங்க. பூண்டிக்குக் கெளம்புற அன்னிக்கு மட்டும் என்னையக் கூட்டிட்டுப் போகமாட்டாங்க. நானும் வாரேன்னு எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். அது என் தங்கச்சி வீடு, நான் மட்டுந்தான் போவேன்னு சொல்லிருவாங்க. வெள்ளனே அவங்கள பஸ் ஏத்திவிட்டுட்டு, கடையத் தொறக்காம வீட்டுலயே கெடப்பேன். உங்க மேல எனக்கு அம்புட்டு எரிச்சலு."

எரிச்சலாம். என் மேல். மண்ணும் கேரட்டுமாக நிற்கிற என் மேல் பொறாமைப்பட ஒருத்தி நாயுடுபுரத்தில் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை. நீ பஸ்ஸில் வந்து இறங்குவதை இனி எப்படி நினைத்துக்கொள்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரோடு மோசம் என்றது நிசம்தானா, இல்லை காரென்றால் அவளும் ஏறிக்கொள்வாள் என்றா?

ஏரிக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் அவள் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். நீங்களே வச்சுக்கிடுங்க, உங்க கைக்குத்தான் அது படியுது என்றாள். சாவி சூடாக இருந்தது. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். விரலை மடக்கக்கூடச் செய்தேன். பிறகு அவள் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"அவ சொன்னத மாத்த உனக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல. ஏத்தத்துக்கு மட்டும் என்னையக் கூப்புடு" என்றேன்.

அதிலிருந்து முதல் ஞாயிறு எனக்குக் கொடைக்கானலில் சோலி இருக்கிறது. இறக்கத்தில் அவள் ஓட்டுகிறாள், ஏற்றத்தில் நான். பல் டாக்டர் என்னைக் கிளப்பில் சேர்த்துக்கொண்டார். இப்போது எல்லாரும் உன்னைப் பற்றிய கதைகளை என்னிடம் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாதவை. கேட்கக் கேட்க ஆசையாகவும் இருக்கிறது, ஏன் இவர்களுக்கு மட்டும் தெரிந்தது என்று எரியவும் செய்கிறது. முத்தையா அண்ணனிடம் நீ சீட்டு விளையாடி ஏமாற்றுவாயாமே? வீட்டில் சீட்டுக்கட்டையே தொடமாட்டாய்.

பொறாமை போய்விட்டது என்று எழுதி உன்னைச் சந்தோசப்படுத்த மாட்டேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது. நல்ல நாளில் பாதியாக இருக்கும், கெட்ட நாளில் முழுசாகத் திரும்பி வந்துவிடும்.

வைகாசியில் நம் ஊர் அம்மன் திருவிழா வருகிறது. திலகாவைப் பூண்டிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உன் இடத்தில் அவளை உட்காரவைக்க மாட்டேன், அதை எதிர்பார்க்காதே. அவளுக்கென்று தனியாக ஓர் இலை போடுகிறேன். என் கையாலேயே பரிமாறுகிறேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. இதுக்கு மேல் இந்த வருசம் என்னால் முடியாது, அக்கா.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
பவுனு