தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

அக்கா,

புதுப் பெயிண்ட் வாசனை இன்று காலையிலிருந்து என் மூக்கைவிட்டுப் போகவில்லை. வீடில்லாத பெண்கள் தங்க ஓர் இடம் வேண்டும் என்று நானும் சிலரும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம் அல்லவா, தேனியில் அந்தக் கட்டடம் தயாராகிவிட்டது. கட்டிக்கொடுத்தவர் ஒரு பெரிய வியாபாரி. வாசலில் கோலம், தட்டில் சந்தனம், வந்தவர்களுக்கெல்லாம் கேசரி. இவ்வளவு உபசாரம் எதற்கு என்று எனக்கு உடனே சந்தேகம். கேசரியை ஓரமாக வைத்துவிட்டு, உங்களைப் போலவே நேராக அறைக் கதவுகளைப் பார்க்கப் போனேன். வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"பாதுகாப்புக்குத்தாம்மா. உள்ள பூட்டிக்கிட்டு ஏதாச்சும் பண்ணிக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் வியாபாரி. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது.

புருசனின் அடி தாங்காமல் சுருளிப்பட்டியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது எனக்கு இந்தப் புத்தி இல்லை. நீங்கள் அங்கேதான் படுப்பீர்கள். விடிந்தால் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போவீர்கள். முதல் நாள் உங்கள் முந்தானை நுனியை என் மகள் காலில் முடிந்தீர்கள். பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்து, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விட்டேன். காலையில் நீங்கள் கோபப்படவில்லை.

"எவனாச்சும் பிள்ளையத் தூக்குனா நான் முழிக்கணும்ல, ஆத்தா. சந்தேகப்பட்டேல்ல? பட்டது நல்லதுதான்."

அன்று சாயங்காலமே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டீயும் பன்னும் வாங்கித் தந்தார். வருசநாட்டுப் பக்கம் ஓர் இல்லம் இருக்கிறது, சோறு உண்டு, பிள்ளைக்குப் படிப்பு உண்டு, வேன் தயாராக நிற்கிறது என்றார். நான் பையை எடுத்துவிட்டேன். ஜீப்பிலிருந்து இறங்கி வந்த நீங்கள் எங்களுக்கு நடுவில் நின்றுகொண்டீர்கள்.

"பொம்பளைக படுக்குற ரூம்புல தாப்பா எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் சிரித்தார்.

"ஏன் சிரிக்கிறீக? உள்ளயா வெளியயா, சொல்லுங்க."

"வந்து பாத்துக்கங்க."

"நீங்க போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் இவ இங்கனதான் இருப்பா."

வேன் போனது. திரும்பி வரவில்லை. அவர் நல்லவராகவும் இருந்திருக்கலாம் என்று ஒருநாள் உங்களிடம் சொன்னேன். "இருக்கட்டுமே. நல்லவுகள ஒரு கேள்வி கேட்டா அவுக என்ன தேஞ்சா போயிருவாக?" என்றீர்கள்.

பிறகு என்னையும் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போனீர்கள். வீடு கேட்டு அலைந்த தெருவெல்லாம் "வீட்டுக்காரர் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. ஊர் நம்மைச் சந்தேகப்பட்டது, நாம் ஊரைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் ஒரு ராவுத்தர் வீட்டம்மா எதுவும் கேட்காமல் பின்கட்டு அறையைத் தந்தார். கேட்காததே உங்களுக்குச் சந்தேகம்; உள்தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பார்த்தீர்கள். "அந்த ஆட்டு ஆட்டாத ஆத்தா, தாப்பா கழண்டுறப் போகுது" என்று அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும்வரை அந்த அறையில் கதவோரம்தான் படுத்தீர்கள்.

இன்று நான் அடம்பிடித்தேன், அக்கா. உள்ளே தாழ்ப்பாள் போடாமல் ஒருத்தியும் குடிவர மாட்டாள் என்றேன். வெளியே தூறலில் பெண்கள் மூட்டைகளோடு நின்றிருந்தார்கள். மயிலாடும்பாறையிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தவள் கத்தினாள்: "நீ ஒன் வீட்ல போயிப் படுத்துக்குவ. நாங்க மழையில கெடக்கணுமா? தாப்பாவா பெருசு, எங்களுக்குக் கூரை போதும்!"

எனக்குச் சுருக்கென்றது. இது அக்கறையா, வெறும் வீம்பா என்று என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப கட்டடத்தக் குடோனுக்கு விட்டுக்கிறேன்," என்றார் வியாபாரி.

திறப்பு விழாவுக்கு வந்திருந்த அதிகாரிகள் காதில் விழும்படி கேட்டேன்: "விடுங்க. உள்பக்கம் தாப்பா போட்டா ஒங்களுக்கு என்ன இடைஞ்சல்னு மட்டும் சொல்லிட்டு விடுங்க."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஆசாரிக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் வெளித் தாழ்ப்பாள்களைக் கழற்றி உள்ளே மாட்டிவிட்டார்கள்.

அந்த மயிலாடும்பாறைப் பெண் அறைக்குள் நுழையும்போது, பாய் விரிக்கட்டும் என்று குழந்தைக்குக் கை நீட்டினேன். வெடுக்கென்று பின்வாங்கினாள்.

"இவ்வளவு மல்லுக்கட்டுறீகளே, ஒங்களுக்கு இதுல என்ன கெடைக்குது?"

நான் வாய் திறப்பதற்குள் கதவை என் முகத்துக்கு நேராகச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. விழுந்ததா என்று அவள் கதவை இழுத்துப் பார்ப்பதும் கேட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களிடமிருந்து நான் வாங்கிக்கொண்ட சந்தேகம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அக்கா. இனி என்னையும் ஒருத்தி சந்தேகப்படட்டும். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல நாளைக்குப் போய்த் தட்டுவேன். திறக்க மனமில்லை என்றால், வெளியே நின்றே பேசிக்கொள்கிறேன்.