நடு அறைக்கு மேல் தளம்

என் ஆசை நைனாவுக்கு,

வீட்டு வேலை முடிந்துவிட்டது. பெயின்ட் அடித்தவர்கள் நேற்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ ஆரம்பித்து வைத்தது, ஒரு வருஷம் இழுத்து, ஒருவழியாக முடிந்தது. கோட்டைக்குப்பத்தில் நம் வீட்டைத் தேடி நீ வந்தால் இப்போது உனக்கு அடையாளம் தெரியுமா என்று தெரியவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றிவிட்டுத் தளம் போட வேண்டும் என்பது உன் பல வருஷத்து ஆசை. ஏரியில் இறால் நன்றாகப் பட்ட வருஷம் பார்த்துத் தொடங்கினாய். மழைக்கு முன்னால் மூடிவிடலாம் என்று தம்பி செல்வத்திடம் சொன்னாயாம். ஷீட்டுகளை நீயே கூட நின்று இறக்கினாய். மறுநாள் காலை, சுவர்கள் மட்டும் நின்ற வீட்டில், நடு அறையில் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நீ அப்படியே சாய்ந்துவிட்டாய்.

பொன்னேரியிலிருந்து நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உன்னை அந்த அறையிலேயே கிடத்தியிருந்தார்கள். உனக்கு மேலே கூரை இல்லை. சுவர் மேல் காக்காய்கள். தூறல் விழுந்தது. நாலு பேர் தார்ப்பாயை விரித்துப் பிடித்திருந்தும் உன் நெற்றியில் தண்ணீர் நின்றது. நான் துடைக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

காரியம் முடிந்ததும் வேலையைத் தொடரலாம் என்றான் செல்வம். அவன் மனைவி தேவி மாசமாக இருந்தாள், அதனால் அவனுக்கு அவசரம். அடுப்பங்கரைக்கும் பக்கத்து அறைக்கும் தளம் போட்டார்கள். நடு அறைக்கு வந்தபோது அம்மா வேண்டாம் என்றாள். காரணம் கேட்டால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூட்டப் போய்விடுவாள்.

அவள் காதில் ஏற்கெனவே ஒரு சத்தம் விழத் தொடங்கியிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வேலையாட்கள் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில், நடு அறையில் உன் இடது கால் செருப்பு இழுபடும் சத்தம். நான் வந்து தங்கியிருந்தபோது எனக்கும் கேட்டது. மீன் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நீ நடக்கும் அதே இழுப்பு, அதே நிதானம். போய்ப் பார்த்தேன். மணலும் செங்கலும்தான் கிடந்தன. நீதானா நைனா? இல்லை, தார்ப்பாயின் ஓரம் காற்றில் சுவரை உரசியதா?

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன், அந்தச் சித்தாள் மட்டும் வராமல் இருந்திருந்தால். எளாவூர் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள். உன்னைப் பார்த்ததே இல்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: “அந்தப் பெரியவரு யாருக்கா? வெயில்ல செவுத்து மேல குந்தினு கீறாரு. எறங்கச் சொல்லுங்க.”

சுவர் மேல் யாரும் இல்லை. நான் இரண்டடி பின்வாங்கினேன். அம்மாவின் முகமோ மலர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். “அவரு இங்கதான் கீறாரு. மேல மூடிட்டா எங்க போவாரு? வாணாம்.”

ஐப்பசி மழை பிடித்தது. நடு அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அம்மா அதில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. ஊரில் என்னென்னவோ பேசினார்கள். அதையெல்லாம் உனக்கு எழுத எனக்கு மனசில்லை.

தையில் தேவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பழவேற்காட்டில் அவள் அம்மா வீட்டில்தான் பிரசவம். திறந்து கிடக்கிற வீட்டுக்கு, அதுவும் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிற வீட்டுக்கு, பச்சைக் குழந்தையை அனுப்பமாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அதில் என்ன தப்பு? செல்வம் கடலுக்குப் போவான், கரைக்கு வருவான், மாமியார் வீட்டில் மகளைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத் தனியாகத் திரும்புவான்.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவின் எதிரில் உட்கார்ந்து கேட்டான். சத்தம் போடவில்லை. “செத்தவருக்கு எடம் வச்சினு கீற. பொறந்ததுக்கு எடம் இல்லியாம்மா?”

அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் அவளே மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினாள். தளம் போடு என்றாள். ஆனால் நடு அறைக்குள்ளிருந்தே மாடிக்குப் படி வேண்டும். வெளியே வைத்தால் அறை அகலமாகக் கிடைக்கும், உள்ளே வைத்தால் பாதி அறை போய்விடும் என்று மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “போவட்டும். அவரு ஏறிப் போறதுக்கு, எறங்கி வர்றதுக்கு ஒரு வழி வை” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாசியில் தளம் போட்டோம். நம் ஊர் உப்புத் தண்ணீர் கம்பியைத் தின்றுவிடும் என்று செல்வம் லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்தான். தளத்தைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று நடு அறைக்குள் போய் நின்றேன். இருட்டாக, குளுமையாக இருந்தது. அப்புறம் பூச்சு, தரை, கதவு என்று ஆடிவரை வேலை நடந்தது. தேவி குழந்தையோடு வந்துவிட்டாள். வீடு முழுக்கச் சத்தம்.

உன் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. தளம் போட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வரும்போதெல்லாம் மத்தியானத்தில் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டுப் பார்க்கிறேன். எது என்னைப் பயமுறுத்தியதோ அதற்காகவே ஏங்குவேன் என்று நினைக்கவில்லை. நீயாகவே போய்விட்டாயா, நைனா? இல்லை, நாங்கள் அனுப்பிவிட்டோமா?

அம்மா தினமும் பொழுது சாயும்போது அந்தப் படியில் ஏறி மாடிக்குப் போவாள். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், பிறகு இறங்கி வருவாள். போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்: “உங்க நைனா வான்னு கூப்டாரு. இரு, வர்றேன்னு சொல்லினு வந்தேன்.”

உன் பேத்தி தவழ்ந்து வந்து அவள் புடவையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டாள். தேவிக்கும் செல்வத்துக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், நைனா. இனி அம்மாவைத் தனியாக மேலே விடமாட்டோம். நானோ தேவியோ கூடவே வருவோம். நீ அங்கே இருந்தால் இரு. அவளோடு பேசு, அவளும் பேசட்டும், நாங்கள் குறுக்கே வரமாட்டோம். ஆனால் கூப்பிடாதே. எங்களுக்கு அவள் இன்னும் வேண்டும்.

உன் பேச்சை என்றும் தட்டாத, இந்த ஒரு முறை மட்டும் உன்னைத் தடுக்கிற,
உன் மூத்த மகள்