ஒன்பதாவது சாக்பீஸ்

என்னங்க, உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நலம்.

மட்டாஞ்சேரிப் பள்ளியில் வாராவாரம் ஆசிரியர்கள் நாங்கள் செய்த தவறையும் அதில் கற்றதையும் நோட்டில் எழுத வேண்டும். விஜி டீச்சர் சாக்பீஸ் எடுக்க மறந்தாராம். இனி மறக்கக்கூடாது என்று கற்றாராம். மற்ற ஏழு பேரும் அதையே காப்பியடித்தார்கள். பயிற்சியளிக்க வந்த மேதாவி எட்டுக்கும் "மிகச் சிறப்பு" போட்டார்.

தமிழ் வாசிக்கத் திணறிய என் வகுப்பு இசக்கிசெல்வியை மக்கு என்று திட்டியதையும், அவள் மலையாளத்தைச் சரளமாக வாசிப்பாள் என்று பிறகு தெரிந்ததையும் நான் எழுதியிருந்தேன்.

"இதொக்கெ எழுதண்டா டீச்சரே, சாக்பீஸே போதும்," என்றார் ஹெச்.எம்.

நானும் சூடு சொரணையில்லாமல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஒன்பதாவது ஆளாகச் சாக்பீஸை மறந்தேன். அந்தப் பிள்ளை இப்போது வகுப்பில் வாயே திறப்பதில்லை.

நம் பாப்பாவின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இசக்கிசெல்விக்காக அனுப்புங்கள். பாப்பா கிறுக்கியதை அழித்துவிடாதீர்கள், அது எனக்கு.

மணி அடித்துவிட்டது.

கற்பகம்