முன் வரிசை வேண்டாம், மகளே

மரியே வாழ்க.

பாம்பன்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி கிளாட்சனும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். மீன்பிடித் தடைக்காலம், போட்டு கரையில் கிடக்கிறது, அப்பா நாள் முழுக்க வீட்டில்தான். ஒரு காது மந்தம் என்றுதான் பேர், நான் உன்னிடம் பேச ஆரம்பித்தால் அந்தக் காதும் சேர்ந்து கேட்கிறது. அதனால்தான் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து கோயில் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பேங்க் வேலையை விட்டு நாடகத்துக்குப் போன நாளிலிருந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுசன், உன் நாடகம் பார்க்கச் சென்னைக்கு வாரேன் என்று போன வாரம் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ரயில் டிக்கெட்டும் எடுத்தாச்சு. அந்த நேரம் பார்த்து நீ கிளாட்சன் போனுக்கு நாடக டிக்கெட்டை அனுப்பினாய். முதல் வரிசை, நட்டநடுவில் ரெண்டு சீட்டு. அவ்வளவுதான், மனுசன் முகம் கறுத்துவிட்டது. "பெத்த அப்பனைத் தரை டிக்கெட்டுல உக்கார வைக்கிறாளாக்கும்?" என்று ஒரே சத்தம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ராமநாதபுரத்தில் சினிமாவுக்குக் கூட்டிப்போனால் அண்ணாந்து பார்க்கிற முன் பெஞ்சில் நம்மை ஒருநாளும் உட்கார விட்டதில்லை, கையில் காசு இல்லாவிட்டாலும் பின் வரிசைதான் எடுப்பார். கிளாட்சன் பொறுமையாகச் சொன்னான், "அப்பா, நாடகத்துல முன்னாடிதான் வெலை கூட, அக்கா ஒங்க மரியாதைக்குத்தான் எடுத்திருக்கு" என்று. எல்லாம் கேட்டுக்கொண்டு, நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். அவருக்கும் சோறு இறங்கவில்லை, எனக்கும் இறங்கவில்லை. வந்த ஆத்திரத்தில், மகள் கூப்பிட்டும் போகாத நீங்கள்லாம் ஒரு தகப்பனா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறேன், வாசலில் அவர் கிளாட்சனிடம் மெதுவாகக் கேட்கிறார், "ஏலே, மேடையில நிக்கிறவளுக்குக் கீழ இருக்கிற ஆளு மூஞ்சி தெரியுமா?" என்று. முன்னால் ரெண்டு மூணு வரிசை நல்லாவே தெரியும், அதுக்குப் பின்னாடி இருட்டு என்று இவன் சொன்னான். "அப்ப இருட்டுல ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுலே" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருத்தனுக்கு மகளாக நீ நடிக்கிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்தே அவர் ஒரு மாதிரிதான் இருக்கிறார். உன் சித்தப்பா இமானுவேல் கடலுக்குப் போன போட்டு திரும்பி வராமல் போனபோதுகூட நம் முன்னால் கண் கலங்காத ஆள். மேடையில் நீ அழுதால் தன்னால் தாங்க முடியாது என்று பயம், அதை நீ பார்த்துவிடக் கூடாது என்று அதைவிடப் பயம். நான் கேட்ட வார்த்தையை நினைத்து எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

ஆகையால் உடனே சீட்டை மாற்று. கிளாட்சன் போனில் அந்த அரங்கத்தின் படத்தைக் காட்டினான். நடுவில் குறுக்கே ஒரு நடைபாதை போகிறதே, அதற்கு அடுத்த வரிசையைப் பார். முன்னால் எந்தத் தலையும் மறைக்காது, விலையும் பாதிதானாம். தூண் பக்கம் வேண்டவே வேண்டாம். நாங்கள் மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் இடது ஓரமாக வருகிற மாதிரி எடு, இஞ்சின் சத்தத்தில் மந்தமானது அவருக்கு இடது காதுதான், அங்கே உட்கார்ந்தால் நல்ல காது உன் பக்கம் இருக்கும். முன்னால் விலை கட்டுப்படியாகவில்லை, அதனால்தான் மாற்றினேன் என்று மட்டும் கிளாட்சனுக்குச் செய்தி அனுப்பு. உனக்குக் காரணம் தெரியும் என்று அவருக்குத் துளி தெரிந்தாலும் ரயில் ஏற மாட்டார். உன் செய்திக்குத்தான் காத்துக்கொண்டிருப்பேன், தாமதம் செய்யாதே.

நெத்திலிக் கருவாடு கொண்டுவாரேன், நாடகம் முடிகிற மட்டும் காரம் திங்காதே. மாதா உன் கூடவே நிற்பாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே மகளே. நடிக்கிறபோது அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்க்காதே, அவர் பாட்டுக்கு அழட்டும். எல்லாம் முடிந்து சபைக்குக் கும்பிடு போடுவாய் இல்லையா, அப்போது உன் வலது கைப் பக்க இருட்டைப் பார்த்துக் கும்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
யாகப்பம்மாள்