எலி தின்ற அப்பம்

என் அன்பு மகளுக்கு,

இறைவன் அருளால் இங்கே நானும் அம்மாவும், அவளுடைய இடது முழங்காலும் என்னுடைய வலது காதும் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பித்தப்பையை எடுத்து நான்கு வாரம் கழித்து, பஸ் தாமதமாக வந்தது என்று சொல்வதுபோல அதைப் போனில் சொன்னவள் நீ, அதனால் சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா, காரமாக எதுவும் சாப்பிடுகிறாயா, தண்ணீர்க் குடத்தையோ துணி மூட்டையையோ தூக்குகிறாயா, இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது. ஆஸ்பத்திரியில் நீயே கையெழுத்துப் போட்டு நீயே டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்தாயாம். பதினோரு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாயே, கூட வர ஒரு சிநேகிதிகூடவா இல்லை என்று அம்மா கேட்டதற்கு, "ஒருத்தர்கிட்ட சொன்னா அது அவங்களோட நிக்காதும்மா, அதை நான் சின்ன வயசுலயே பாத்துட்டேன்" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அன்றிலிருந்து அம்மா உனக்கு யார் அப்படிச் செய்திருப்பார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம், உன் பெரிய மாமியைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரியே இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னைப் பற்றியும் தையல்காரர் மகள் குருவியைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, இருபத்தாறு வருஷம் தாமதம். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

பார், இப்போதும் முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடலாம் என்றுதான் கை போகிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறார், அம்மா அடியில் பாத்திரம் வைத்துப் பிடித்து அந்தத் தண்ணீரில்தான் தரை துடைக்கிறாள், போதுமா. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் பள்ளிக்கூடம் என்னை விட்டபாடில்லை. புதிதாக வந்திருக்கும் தலைமைச் சகோதரி ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை பாடத்திட்டம் முழுவதையும் திருத்தி எழுதுகிறார். கணக்கும் மொழிப்பாடமும் இரண்டே நாளில் முடிந்துவிட்டன, மூன்றாம் வகுப்பு மறைக்கல்விதான் மூன்று வாரமாக முடியவில்லை, ஏனென்றால் அதை எழுதியவன் நான், என் கையெழுத்து எனக்கே புரியாது. நீ படித்த அதே திட்டம்தான். முதல் பருவம் படைப்பும் ஜெபங்களும், இரண்டாம் பருவம் பத்துக் கட்டளை வாரத்துக்கு ஒன்று, மூன்றாம் பருவம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனமும் பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மையும். இப்போது வாரத்துக்கு ஐந்து பீரியட் மூன்றாகக் குறைகிறது, அதனால் கட்டளைகள் வாரத்துக்கு இரண்டு, களவு செய்யாதிருப்பாயாக என்பதும் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதும் ஒரே வாரத்தில். அதுவும் சரிதான், இரண்டும் சேர்ந்துதானே வருகின்றன என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன், சகோதரி சிரிக்கவில்லை. மற்ற மதத்துப் பிள்ளைகள் பக்கத்து அறையில் நன்னெறி படிக்கிறார்கள் இல்லையா, உண்மை, மன்னிப்பு என்ற இரண்டு பாடத்துக்கு மட்டும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கப் போகிறாராம். நல்ல யோசனை. இந்த வேலைக்கெல்லாம் பொறுப்பு யார் தெரியுமா, குருவிதான். நான் போன பிறகு மூன்றாம் வகுப்பு அவளுக்குத்தான் வந்தது. இதை நான் உன்னிடம் இரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. அவள் பேச்சு வந்தாலே நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

காகிதப் பயிற்சி உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின வாரம், ஆளுக்கு ஒரு கால் பக்கம் காகிதம் கொடுப்பேன், மனதில் உறுத்துவதை எழுதி நான்காக மடித்து பிஸ்கட் டின்னில் போட வேண்டும், யாரும் படிக்க மாட்டார்கள், எல்லோர் முன்னாலும் முற்றத்து மூலையில் வைத்துக் கொளுத்திவிடுவேன். மன்னிக்கப்பட்ட பாவத்தைக் கடவுள் ஞாபகம் வைப்பதில்லை என்று காட்டுவதற்காக நானே கண்டுபிடித்த பயிற்சி அது, பக்கத்துக் கோவில் பங்குகளிலிருந்தெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் வருஷம் அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குக் கொளுத்தலாம் என்று டின்னை மேசையில் வைத்தேன். பாட்டுப் பயிற்சிக்கு உங்களை அழைத்துப் போய்விட்டார்கள், காலி வகுப்பில் நானும் டின்னும்தான். மூடியைத் திறந்தேன். எல்லோரும் நான்காக மடித்திருக்க, ஒன்று மட்டும் மாத்திரை அளவுக்கு மடித்துக் கிடந்தது, பச்சைப் பென்சில் எழுத்து வெளியே தெரிந்தது. அந்தப் பென்சில் நான் உனக்கு வாங்கிக் கொடுத்தது. மகளே, நான் படித்தேன். மற்றவற்றைத் தொடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு பெருமையா. அதில் எழுதியிருந்ததை இன்றைக்கும் ஒரு எழுத்து விடாமல் சொல்வேன். "பயிற்சி அப்பம் பதினொன்று தின்றேன். குருவி வேண்டாம் என்றாள். நான்தான் அவள் வாயில் இரண்டு வைத்தேன். எலி தின்றது என்று சிஸ்டரிடம் சொன்னேன். அப்பம் இனிப்பாகவே இல்லை."

நாக்கை நீட்டி வாங்கப் பழகுவதற்காக நம் வகுப்பு அலமாரியில் வைத்திருந்த அப்பம், பூசையில் வைக்காதது, வெறும் மாவும் தண்ணீரும். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு வந்தது கோபம், அதுவும் பக்தியினால் வந்த கோபம் இல்லை, மறைக்கல்வி வாத்தியார் மகளே அப்பம் திருடினாள் என்று ஊர் சொல்லுமே என்கிற கோபம். சாயங்காலம் வீட்டில், நீ சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அலமாரியில் எலி வந்ததாமே என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாய். ஒப்புக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டு, "யாருப்பா சொன்னா" என்று கேட்டாய். படித்தேன் என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. யாரும் படிக்க மாட்டார்கள் என்று முப்பத்து நான்கு பிள்ளைகளிடம் சத்தியம் பண்ணினவன் நான். "உன்கூட இருந்து தின்னவதான் சொன்னா, வேற யாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குருவி வேண்டாம் என்று சொன்னது அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது, எனக்குத் தெரிந்தே அவள் தலையில் தூக்கிப் போட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரார் வழக்குக்கெல்லாம் சொல்வேனே, இதுதான் அது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை அதற்கு முந்தின பருவத்தில்தான் நடத்தியிருந்தேன், உதாரணம் எல்லாம் சொல்லி, நீ முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாய்.

மறுநாள் வெயில் வந்தது. உன் காகிதத்தை மறுபடி அதே மாதிரி மடித்துப் போட்டு எல்லாவற்றையும் கொளுத்தினேன், இதை யாரும் படிக்கவில்லை, இனி யாராலும் படிக்கவும் முடியாது என்று திட்டத்தில் எழுதியிருந்தபடியே சொன்னேன், நீங்கள் கை தட்டினீர்கள். நீ தட்டினாயா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போய், எலி என்று நீ சொன்ன அந்த சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன், அவர் உன் கன்னத்தைத் தட்டி, மாவுதானே கண்ணு, இன்னும் பசிக்குதா என்று கேட்டார். அதோடு முடிய வேண்டிய விஷயம். புதுநன்மை ஊர்வலத்தில் குருவியோடு ஜோடியாகப் போக ஒரு மாதமாகப் பழகியிருந்த நீ, அவளோடு போக மாட்டேன் என்று சொல்லி இடம் மாறிக்கொண்டாய். பிள்ளைகள் எண்ணிக்கை சரிக்குச் சரி, எல்லோரும் ஜோடி ஜோடியாகப் போக, உன் வரிசையில் மட்டும் மூன்று பேர், கடைசியில் அவள் தனியாக வந்தாள். குருவி ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று அம்மா கேட்டபோது, சின்னப் பிள்ளைகள் சண்டை, நாளைக்குச் சேர்ந்துகொள்ளும் என்றேன். நீங்கள் சேரவில்லை. நீ அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வரவில்லை, நான் அதை நீ படிப்பில் கெட்டி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பங்குச் சாமியாரிடம் சொன்னாயா என்று கேட்பாய். சொன்னேன், ஒரு பிள்ளையிடம் பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொன்னேன், அருள் நிறைந்த மரியே ஜெபம் மூன்று முறை சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் குடத்தை உடைத்தால் கடவுளிடம் சொன்னால் மட்டும் போதாது, புதுக் குடம் வாங்கிக் கொடுத்தால்தான் பரிகாரம் என்று வருஷா வருஷம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

போன வாரம் கூட்டத்தில் காகிதப் பயிற்சிக்கு வந்து நின்றோம். பிள்ளைகள் மனதில் இருப்பதைக் காகிதத்தில் எழுத வைப்பது சரியில்லை, எடுத்துவிடலாம் என்றார் தலைமைச் சகோதரி. எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அப்போது குருவி எழுந்து நின்று எனக்காகப் பரிந்து பேசினாள். "சார் ஒரு காகிதத்தைக்கூடப் பிரிச்சதில்ல சிஸ்டர். எங்க எல்லாருக்கும் அது தெரியும். அதனாலதான் நாங்க எழுதினோம்" என்றாள். சகோதரிக்கு மனம் மாறிவிட்டது, அப்படியானால் இருக்கட்டும், புது ஆசிரியர்கள் எப்படி நடத்த வேண்டும் என்று சாரே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும் என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று நாள் வெள்ளைக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரும் படிக்கக் கூடாது என்று எழுத ஆரம்பிப்பேன், அடுத்த வார்த்தை வராது. நான் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டு அம்மா ஜலதோஷமா என்று கேட்டாள்.

நான்காம் நாள் கடைசி மணி அடித்த பிறகு வகுப்புக்குப் போனேன். குருவி ஸ்டூலில் ஏறிச் சுவரில் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், எலி, பச்சைப் பென்சில், மேசை, நீ கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அவள் இறங்கி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப அவ என்கூட வர மாட்டேன்னது அதுக்கா சார்" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என் கவுன் மஞ்சளா இருந்ததாலன்னு நெனச்சேன் சார். யாரோ வேண்டாம்னு விட்டுட்டுப் போன கல்யாணக் கவுனை வெட்டித்தான் எங்கப்பா எனக்குத் தச்சார். நாலு தடவை துவைச்சும் வெள்ளையாகல. அதைப் பாத்துதான் அவளுக்கு அசிங்கமாப் போச்சுன்னு நெனச்சேன். அன்னிக்கு வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சண்டை போட்டேன் சார், அந்தக் கவுனை மூஞ்சியில எறிஞ்சேன்." தையல்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது, நீ கேள்விப்பட்டிருப்பாய். நான் செய்ததில் இன்னொரு வீட்டுத் தகப்பனும் அடிபட்டிருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மன்னித்துவிடு அம்மா என்று அவளிடம் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. மேசை மேலிருந்த பாடத்திட்டத்தை எடுத்து, காகிதப் பயிற்சி என்ற வரியின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அடித்தாள். நான் வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டாள். "நான் சொல்லலன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடுங்க சார்" என்றாள்.

மகளே, நீ எட்டு வயதில் பார்த்துவிட்டதாகச் சொன்னாயே, அது நடக்கவே இல்லை. உன் ரகசியத்தை வைத்திருந்தவள் இன்றுவரை வைத்திருந்தாள், நானே போய் எல்லாவற்றையும் சொன்னபோதுகூட அவள் சொன்னது தன் கவுனைப் பற்றித்தான். வெளியே விட்டவன் நான். நீ யாரையும் நம்பாமல் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு நான்தான் காரணம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது, அதைச் சுமந்துகொண்டு எப்படி இருப்பது என்று தெரியவில்லை. கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, ஆனால் அந்தக் கோபத்தை என்மேல் மட்டும் வை. இதையெல்லாம் அம்மாவிடமும் இன்று காலை சொல்லிவிட்டேன், அவள் இன்னும் என்னோடு பேச ஆரம்பிக்கவில்லை.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் உடம்பும் மனதும் தேறட்டும், உன் பக்கத்தில் உட்கார ஒரு நல்ல துணை வரட்டும். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், அப்பாவின் கை வேண்டாம் என்று தோன்றினால் அம்மாவின் கை என்று வைத்துக்கொள். டாக்டர் சொன்ன அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, இந்த முறை தனியாகப் போகாதே. கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு போன் எண் இருக்கிறது, இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கேட்டபோது குருவி தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு எடுப்பாளாம். அவள் சொல்லவில்லை, மகளே.

இப்படிக்கு,
உன் காகிதத்தைப் படித்த அப்பா