அம்மா எனக்கு எதிராகப் பேசினாள்

புதன்கிழமை, இரவு

உக்குவளை நூலக விவாதத்தில் இன்று பேசினேன். தீராத நோயாளி விரும்பினால் டாக்டர் உதவியோடு உயிர்விடச் சட்டம் இடம் தரவேண்டும் என்றேன். அம்மாவின் புற்றுநோயை நினைத்தே எழுதியிருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் உட்கார்ந்ததும் பின்வரிசையில் அம்மா எழுந்தாள்.

“நான்தான் அந்த நோயாளி. சாகணும்னு கேக்குறவங்கள நான் தடுக்கல. ஆனா எனக்கு மொதல்ல வலி நிக்கணும். அந்த மருந்துக்காகப் பேசுங்க.”

கூட்டம் கைதட்டியது. எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன்.

பஸ்ஸில், “கோவமா புள்ள?” என்றாள்.

“இல்லம்மா, பெருமையா இருக்கு.”

இப்போது பக்கத்து அறையில் முனகுகிறாள். காலையில் கிளினிக்கில் வலிக்கு நல்ல மருந்து தரச் சொல்லி நான் பேசவேண்டும். அம்மாவின் தைரியத்தில் பாதி வந்தாலே போதும்.