விராலுக்கு விரதமில்லை

என்னங்க,

சூரசம்ஹாரம் பார்க்கக் கொட்டகலைக் கோயிலுக்குப் போகிறேன்.

சஷ்டி முடியும்வரை தொட்டியிலிருக்கும் உங்கள் விரால் மீனுக்கும் சோறுதான் என்றேன். “அது என்னா, முருகனுக்கு நேந்துக்கிட்டா வந்துச்சு?” என்று கத்தினீர்கள். அன்றிலிருந்து நமக்குள் பேச்சில்லை. மீனும் சோற்றைத் தொடாமல் வெளுத்துக் கிடந்தது.

இன்று காலை மனசு கேட்காமல் ஒரு மண்புழுவைப் போட்டேன். அப்பப்பா! வேல் பாய்ந்த மாதிரி வந்தது. தண்ணீர் அசையுமுன் புழுவைக் காணோம். உடம்பெல்லாம் கறுத்து, வரிகள் மின்ன, என்னையே பார்த்தது. என் கை தானாகக் கும்பிட்டது.

இனிமேல் நீங்கள் வழக்கமாகப் போடும் ஈரலையே போடாமல் புழு, ஆற்று இறால், குட்டிமீன் என்று மாற்றிக் கொடுங்கள்.

பூரணி

அடுப்படியில் பருப்புச்சோறு இருக்கிறது. அது உங்களுக்கு.

டின்னில் இன்னொரு புழு இருக்கிறது. நான் வரும்வரை போட்டுவிடாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.